தண்ணீர் திறக்குமுன்

குருமண்வெளித் துறையில் பாதைக்காகக் காத்து நிற்கும் நேரம் எனக்கு மிகவும் பிடிக்கும். வாவியைக் கடக்க உதவும் அந்த இரும்பு மிதவையை எங்கள் பக்கத்தில் 'பாதை' என்றுதான் சொல்வார்கள். மோட்டார் சைக்கிள்களும் பசளை மூடைகளும் பாடசாலைப் பிள்ளைகளும் சில வேளைகளில் ஓர் ஆட்டுக்குட்டியும் ஏறிக்கொள்ள, அது ஆறுதலாக மண்டூர்க் கரைக்குப் போய்ச் சேரும். அங்கிருந்து வயல்களுக்கு நடுவே வெல்லாவெளிக்கு வீதி செல்கிறது. எழுவான்கரையில் வாழும் எங்களுக்குப் படுவான்கரையிலுள்ள வெல்லாவெளியில் இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. என் மூத்தவாப்பா வாங்கிய வயல் அது. யுத்த காலத்தில் பல வருடங்கள் அவரால் அந்தக் கரைக்குப் போக முடியவில்லை. அப்போதெல்லாம் பக்கத்து வயல்காரத் தமிழ் ஐயாதான் வரம்பு கரையாமல் பார்த்துக்கொண்டாராம். இன்றும் அவர் வாப்பாவைத் 'தம்பி' என்றும் என்னை 'மகள்' என்றும்தான் அழைப்பார்.

சென்ற வருடம் பெரும்போகம் தொடங்குமுன் ஒரு நாள் வாப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அன்று ஆரம்பக் கூட்டம். குளத்துத் தண்ணீரை எந்தத் திகதியில் திறப்பது, விதைப்பை எந்தத் திகதிக்குள் முடிப்பது, எத்தனை மாத நெல் விதைப்பது, மாடுகளை எப்போது வட்டையிலிருந்து அப்புறப்படுத்துவது என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானமாகும். மேசைக்குப் பின்னால் அதிகாரிகள். முன்னால் விவசாயிகளும் வட்டவிதானைமாரும். ஒரு திகதி வாசிக்கப்பட்டது. பலர் தலையாட்டினார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து எங்கள் ஐயா எழுந்தார்.

"மேட்டு வயல்காரனுக்கு அந்தத் திகதி சரி. பள்ளத்தில கிடக்கிற எங்களக் கேட்டீங்களா? அண்டைக்குத் தண்ணி விட்டா எங்கட விதை முளைக்காது, அழுகும்."

சத்தம், வாக்குவாதம், சிரிப்பு என்று கொஞ்ச நேரம் போயிற்று. கடைசியில் திகதி ஐந்து நாட்கள் தள்ளிப் போனது. திரும்பி வரும்போது பாதையில் வைத்து வாப்பா சொன்னார்: "தண்ணி எங்க நிக்கும் எண்டு தண்ணிக்கு அடுத்தபடியாத் தெரிஞ்சவன் பள்ளத்து வயல்காரன்தான், மகள்."

அந்த வாரமே புவியியல் வகுப்பில் ஆசிரியை சுற்றாடல் தாக்க மதிப்பீடு பற்றிப் படிப்பித்தார். வரைவிலக்கணத்தைக் கொப்பியில் எழுதும்போது எனக்கு அந்த மண்டபம்தான் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு பெரிய செயற்றிட்டத்தைத் தொடங்குமுன், அது மண்ணுக்கும் நீருக்கும் காட்டுக்கும் மனிதருக்கும் என்ன செய்யும் என்று ஆராய வேண்டும். தீமை குறைந்த வேறு வழி உண்டா என்று பார்க்க வேண்டும். அதை எழுதி மக்கள் முன் வைத்து, அவர்கள் சொல்வதையும் கேட்ட பின்பே முடிவெடுக்க வேண்டும். சுருங்கச் சொன்னால், நாட்டுக்கே நடக்கும் ஆரம்பக் கூட்டம் அது.

நமது நாட்டில் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் இதைக் கட்டாயமாக்கியது. எவ்வகைச் செயற்றிட்டங்களுக்கு இந்த மதிப்பீடு வேண்டும் என்பதை 1993 ஜூன் மாத வர்த்தமானி பட்டியலிட்டது. 1 ஹெக்டயருக்கு மேற்பட்ட காட்டை வேறு தேவைக்கு மாற்றுவதும், 4 ஹெக்டயருக்கு மேற்பட்ட ஈரநிலத்தை நிரப்புவதும், 50 ஹெக்டயருக்கு மேற்பட்ட காணியைத் துப்புரவு செய்வதும் அந்தப் பட்டியலில் உள்ளன. அறிக்கை தயாரானதும் வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் ஒவ்வொரு பத்திரிகையிலும் அறிவித்தல் வெளியிட வேண்டும். மக்கள் கருத்துச் சொல்ல 30 நாட்கள் உண்டு. கருத்துச் சொல்வதற்குப் பட்டமோ பதவியோ தேவையில்லை. எங்கள் ஐயாவும் எழுதலாம், நானும் எழுதலாம்.

இந்தச் சட்டம் வெறும் காகிதம் அல்ல என்பதற்கு எப்பாவல சாட்சி. அநுராதபுர மாவட்டத்திலுள்ள அந்தப் பிரதேசத்தின் பொஸ்பேற்றைத் தோண்டியெடுக்க வெளிநாட்டுக் கம்பனிகளுடன் ஓர் ஒப்பந்தம் தயாரானது. அதன்படி நடந்திருந்தால் சுமார் 2,600 குடும்பங்கள் இடம்பெயர நேரிடும் என்று கணிக்கப்பட்டது. அவ்வூர் விவசாயிகளும் ஒரு பௌத்த பிக்குவும் உயர் நீதிமன்றம் சென்றார்கள். முறையான ஆய்வும் சட்டப்படியான சுற்றாடல் மதிப்பீடும் இல்லாமல் ஒப்பந்தம் செய்யக் கூடாது என்று 2000 ஜூனில் நீதியரசர் அமரசிங்க தீர்ப்பெழுதினார். மன்னன் நிலத்தின் உரிமையாளன் அல்ல, அதன் காவலன் மாத்திரமே என்று மகிந்த தேரர் தேவநம்பியதீசனுக்குச் சொன்னதை அந்தத் தீர்ப்பு நினைவூட்டுகிறது. நாம் 'அமானிதம்' என்று சொல்வதும் அதைத்தானே என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் சட்டம் அமைதியான நாட்களில் நன்றாகத்தான் இருக்கும். கஷ்ட காலம் வந்தால் முதலில் கைவிடப்படுவது எது? "இப்ப இதெல்லாம் பார்க்க நேரமில்லை" என்ற ஒரு வாக்கியம் போதும்.

உம்மாவின் ராத்தா, அதாவது என் பெரியம்மா, சுனாமியில் வீட்டை இழந்தவர். 2004 டிசம்பர் 26இற்குப் பிறகு பல மாதங்கள் கூடாரத்தில் இருந்தார்கள். பின்னர் வட்டையை மண்போட்டு நிரப்பிக் கட்டிய வீடுகளில் ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. அன்று அவர் அழுதாராம், சந்தோஷத்தில். நான் பிறந்தது அதற்குப் பிறகுதான். எனக்குத் தெரிந்த பெரியம்மாவின் வீடு, ஒவ்வொரு மார்கழி மழைக்கும் கட்டிலின் கால்களுக்குக் கீழே செங்கல் வைக்கும் வீடு. மழைநீர் வாவிக்குப் போன பழைய வழியில் இப்போது வீட்டு வரிசை நிற்கிறது. அந்த வட்டையில் வேளாண்மை செய்தவர்களைக் கேட்டிருந்தால், ஒரு பின்னேரத்தில் அந்த வழியைக் காட்டியிருப்பார்கள்.

பின்னாளில் அந்த 1993 வர்த்தமானிப் பட்டியலைப் படித்தபோது ஒரு வரியில் நின்றுவிட்டேன். 100 குடும்பங்களுக்கு மேற்பட்டோரை அவர்களது விருப்பின்றி வேறிடத்தில் குடியேற்றுவதற்கு மதிப்பீடு வேண்டும் என்கிறது அது. ஆனால் அவசர நிலைமைகளில் செய்யப்படும் குடியேற்றத்துக்கு விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கின் நியாயம் எனக்குப் புரிகிறது. கூடாரத்தில் கைக்குழந்தையோடு இருப்பவரிடம் அறிக்கை வரும்வரை பொறுத்திருங்கள் என்று யார் சொல்வது? ஆனாலும் கூடாரத்து வாழ்க்கை மாதக்கணக்கில்தான். வீட்டில் வாழ்வது தலைமுறைக் கணக்கில்.

அடுத்த நெருக்கடியை நானே கண்டேன். 2021 மே மாதம், கொரோனாவின் நடுவே, இரசாயனப் பசளை இறக்குமதியை வர்த்தமானி தடை செய்தது. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. மண்ணுக்கு நல்லது என்று சொன்னார்கள். டொலர் தட்டுப்பாடும் ஒரு காரணம் என்று பேசிக்கொண்டார்கள். இயற்கைப் பசளை நல்லது என்பதை வாப்பாவும் மறுக்கவில்லை. "ஆனா மகள், இரண்டு ஏக்கருக்குப் போட எத்தனை மாட்டு எரு வேணும், அதுக்கு மாடு எங்க எண்டு ஒருத்தரும் எங்களக் கேக்கல்லியே" என்றார். அந்தப் பெரும்போகத்தில் வெல்லாவெளியில் எங்கள் பயிர் மஞ்சள் நிறத்திலேயே நின்றது. ஏக்கருக்கு நாற்பது மூடை எடுத்த வயலில் பதினைந்து மூடைதான் கிடைத்தது. தடை 2021 நவம்பரில் நீக்கப்பட்டது, ஆனால் விதைத்த விதையைத் திரும்ப எடுக்க முடியாதே. அடுத்த வருடம் நாடே அரிசிக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றது. உம்மா தன் காப்பை அடகு வைத்தது அந்த வருடந்தான்.

பசளைத் தடை ஒரு கொள்கைத் தீர்மானம். அதற்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. ஆனால் கேட்காமல் எடுத்த முடிவு எப்படி முடியும் என்பதை எனக்கு அதுதான் படிப்பித்தது. சுற்றாடலின் பெயரால் செய்தாலும், நல்ல எண்ணத்தோடு செய்தாலும், பள்ளத்து வயல்காரனைக் கேட்காவிட்டால் விதை அழுகத்தான் செய்யும்.

அதே கொரோனா காலத்தில், 2020 நவம்பரில், 'ஏனைய அரச காடுகள்' எனப்படும் காடுகளின் நிருவாகத்தை வனப் பாதுகாப்புத் திணைக்களத்திடமிருந்து மாவட்ட, பிரதேச செயலாளர்களிடம் மாற்றும் சுற்றறிக்கை வந்தது. பயிர்ச்செய்கைக்கும் பொருளாதாரத் தேவைகளுக்கும் காணி வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். சுற்றாடல் அமைப்புகள் நீதிமன்றம் சென்றன. காடு துண்டு துண்டாகக் குறைந்தால் என்ன நடக்கும் என்பதை வெல்லாவெளியில் யாரிடமும் கேட்கலாம். இரவில் யானைவெடிச் சத்தம் கேட்காத போகம் அங்கே இல்லை. காலையில் வரம்பு நெடுகிலும் பெரிய பெரிய காலடிகள் கிடக்கும். 2019இல் மாத்திரம் நம் நாட்டில் 405 யானைகளும் 120இற்கும் மேற்பட்ட மனிதர்களும் இந்த மோதலில் இறந்தார்கள்.

இது நமது நாட்டின் கதை மட்டுமல்ல. 2020 மார்ச்சில், சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு விதிகளை மாற்றும் வரைவொன்றை இந்தியாவில் தயாரித்தார்கள். மக்கள் கருத்துச் சொல்லும் காலத்தை 30 நாட்களிலிருந்து 20ஆகக் குறைக்கவும், அனுமதியின்றித் தொடங்கிய வேலைகளுக்குப் பின்னர் அனுமதி பெற வழிவிடவும் அந்த வரைவு முயன்றது. அது ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் மாத்திரமே வெளிவந்தது. தமிழ்நாட்டில் பலர் "எங்கள் மொழியில் தாருங்கள்" என்று கேட்டார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் கருத்துச் சொல்லும் காலத்தை ஆகஸ்ட் 11 வரை நீடித்ததோடு, வரைவைப் பிற மொழிகளிலும் வெளியிடுமாறு உத்தரவிட்டது. இலட்சக்கணக்கான மக்கள் எழுதினார்கள். அந்த வரைவு அதே வடிவில் நடைமுறைக்கு வரவில்லை. அந்த விவாதம் நடந்த நாட்களிலேயே, மே 7 அதிகாலையில், விசாகப்பட்டினத்தில் ஒரு தொழிற்சாலையிலிருந்து நச்சு வாயு கசிந்து உறங்கிக்கொண்டிருந்த மக்கள் இறந்தார்கள். உரிய சுற்றாடல் அனுமதி இல்லாமல் பல வருடங்கள் இயங்கிய தொழிற்சாலை அது. பின்னர் அனுமதி எடுக்கலாம் என்ற வார்த்தைக்கு என்ன பொருள் என்று அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் வாப்பாவிடம் சொன்னபோது அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை.

"அது சரி மகள். ஆனா பாலம் ஒண்டு போட ஆறு வருசம், அறிக்கை எண்டு இன்னும் இரண்டு வருசம். சனம் என்ன செய்யிற?"

நியாயமான கேள்வி. மதிப்பீட்டில் குறைகளும் உண்டு. அறிக்கைக்கான செலவைச் செயற்றிட்டத்தைக் கொண்டுவருபவரே கொடுக்கிறார். நூற்றுக்கணக்கான பக்கங்களில் வரும் அறிக்கையை நம்மூரில் எத்தனை பேர் படிப்பார்கள்? பத்திரிகை மூலையில் வரும் அறிவித்தலை எத்தனை பேர் காண்கிறார்கள்? நான் யோசித்துப் பார்த்தேன். மக்களுக்கென்று சட்டம் கொடுத்திருப்பது 30 நாட்கள் மாத்திரமே. வருடக்கணக்கான தாமதம் அந்த 30 நாட்களால் வருவதில்லை. கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகாமல் கிடப்பதால் வருகிறது. அவசர காலத்தில் அவசரப்படுத்த வேண்டியது அந்த மேசைகளைத்தான். அதிகமான உத்தியோகத்தர்களை நியமிக்கலாம். அறிக்கையின் சுருக்கத்தை எளிய தமிழில் ஊர்ப் பள்ளிவாசலிலும் கோயிலிலும் வாசிக்கலாம். மக்களுடைய நாட்களில் கை வைக்காமலே வேகமாகப் போக வழிகள் இருக்கின்றன. இதைச் சொன்னதும் வாப்பா, "அப்ப ஆரம்பக் கூட்டத்த நிப்பாட்டாம வாய்க்காலத் துப்புரவாக்குங்க எண்டு சொல்ற" என்றார். அவர் சொன்ன விதம் நான் எழுதியதைவிட நன்றாக இருந்தது.

நம் மாவட்டத்துக்கு இது இன்னொரு வகையிலும் தேவை. 2018இல் பெரிய புல்லுமலையில் அமைக்கப்பட்டுவந்த தண்ணீர்ப் போத்தல் தொழிற்சாலைக்கு எதிராக ஹர்த்தால் நடந்தது. நிலத்தடி நீர் வற்றிவிடும் என்பது அந்த மக்களின் பயம். ஆனால் விரைவிலேயே பேச்சு தண்ணீரை விட்டுவிட்டுத் தமிழர், முஸ்லிம் என்று திரும்பியது. எனக்கு அப்போது பத்து வயது. பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசியது ஞாபகம் இருக்கிறது. எவ்வளவு நீர் எடுக்கப்படும், கிணறுகள் எவ்வளவு இறங்கும் என்ற கணக்கு ஆரம்பத்திலேயே எல்லோர் முன்னிலையிலும் வைத்துப் பேசப்பட்டால், கேள்வி தண்ணீரோடு நின்றுகொள்ளும். கணக்கு இல்லாத இடத்தில் சந்தேகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பிறகு அது யாருடைய கிணறு, யாருடைய கம்பனி என்று பெயர் பார்க்கத் தொடங்கிவிடுகிறது.

நெருக்கடியில் கலந்தாலோசனை தேவையா என்ற கேள்விக்கு நம் மார்க்கத்தில் ஓர் அழகான பதில் இருக்கிறது. உஹது யுத்தத்துக்கு முன் நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் மஷூரா கேட்டார்கள். மதீனாவுக்குள் இருந்தே எதிர்கொள்வதா, வெளியே செல்வதா என்பது கேள்வி. பெரும்பாலானோர் வெளியே செல்வோம் என்றார்கள். அவ்வாறே சென்றார்கள். அந்த யுத்தத்தில் முஸ்லிம்களுக்குப் பெரும் இழப்பு ஏற்பட்டது. இனி யாரையும் கேட்க வேண்டாம் என்று முடிவெடுக்க அதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா? ஆனால் அதன் பிறகு இறங்கிய ஆலு இம்ரான் அத்தியாயத்தின் வசனம், அவர்களை மன்னித்து, காரியங்களில் தொடர்ந்தும் அவர்களிடம் ஆலோசனை கேட்குமாறு நபியவர்களுக்குக் கட்டளையிட்டது. காயம் ஆறுமுன்னரே வந்த கட்டளை அது. இஸ்லாம் பாடத்தில் பல தடவை படித்த சம்பவந்தான். அதன் கனம் எனக்கு இந்த வருடந்தான் விளங்கியது.

ஏனென்றால் 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தது. 600இற்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மலைநாட்டில் வீடுகள் மண்ணோடு சரிந்தன. எங்கள் பக்கமும் வாவி பெருகிப் பாதை பல நாட்கள் ஓடவில்லை. இப்போது வீதிகள், பாலங்கள், வீடுகள் எல்லாவற்றையும் மீண்டும் கட்ட வேண்டும். அதுவும் விரைவாகக் கட்ட வேண்டும். ஆனால் சரிந்த மலைச்சரிவிலேயே மீண்டும் வீடு கட்டலாமா, ஆறு புதிதாக எடுத்த வழியை மறித்து வீதி போடலாமா என்று இப்போது கேட்காவிட்டால் வேறு எப்போது கேட்பது? இருபது வருடங்களுக்கு முன் கேட்காமல் விட்ட ஒரு கேள்விதான் இன்றும் பெரியம்மாவின் கட்டிலுக்குக் கீழே செங்கல்லாக இருக்கிறது.

பாதை மீண்டும் ஓடத் தொடங்கியதும் வாப்பாவோடு வெல்லாவெளிக்குப் போனேன். வயலில் தண்ணீர் இன்னும் முழுதாக வடியவில்லை. எங்கள் ஐயா வரம்பில் நின்றுகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் வீதியைக் காட்டினார்.

"இந்த ரோட்ட உயர்த்தத்தான் வேணும் தம்பி. இல்லாட்டி மழைக்கு ஆஸ்பத்திரிக்கும் போகேலா. ஆனா சும்மா உயர்த்தினா இது ரோட்டில்ல, அணைக்கட்டு. எங்கட வயலெல்லாம் குளமாகும். மதகு வைக்கவேண்டிய இடத்த எங்களக் கேட்டாச் சொல்லுவம்."

பிறகு கைத்தடியால் மூன்று இடங்களைக் காட்டினார். மருதமரத்துக்குப் பக்கத்தில் ஒன்று. வளைவில் ஒன்று. 1978 சூறாவளி வெள்ளம் உடைத்துக்கொண்டு போன இடம் என்று சொல்லி இன்னுமொன்று. வாப்பாவின் சட்டைப் பையிலிருந்த பசளைக் கணக்குக் கொப்பியை வாங்கி, அதன் பின்பக்கத்தில் வீதியை ஒரு கோடாக வரைந்து, அந்த மூன்று இடங்களையும் குறித்துக்கொண்டேன். யாராவது கேட்டால் கொடுப்பதற்கு.